நாலு ரிவர்ஸ், ஒரே ஒரு ஃபார்வர்டு

#1 கிரீஸ்கை

ரெண்டு வருஷமா இங்க ஓரமா உட்கார்ந்து மத்தவங்க சொதப்பலைப் படிச்சுச் சிரிச்சுட்டு இருந்தேன். அந்தப் பாவத்துக்கு இன்னைக்குப் பரிகாரம். சிரிச்சு முடிச்சுட்டு யாராவது உருப்படியா யோசனையும் சொல்லுங்க.

வண்டி ஃபோக்ஸ்வேகன் கார்மன் கியா. 1955-ல இருந்து 1974 வரைக்கும் வந்தது. மேல இத்தாலிய அழகு, கீழ முழுக்க முழுக்க அதே கம்பெனியோட பீட்டில் கார். பார்த்தா ஸ்போர்ட்ஸ் கார்னு மயங்கிடுவோம். ஆனா எஞ்சின் மூடியைத் தூக்கினா அதே நாலு சிலிண்டர், கடைசி வருஷங்கள்ல கூட 1584 சிசி. எனக்குக் கிடைச்ச வண்டில அதுவும் இல்லை. வெறும் கூடு. கியர்பாக்ஸ் மட்டும் பத்திரமா இருந்துச்சு.

அதே சமயம் ஒரு பழைய செவ்ரோலே கோர்வேர் எஞ்சின் கைக்கு வந்துச்சு. கோர்வேர் 1960-ல இருந்து 1969 வரை வந்த கார். அதுலயும் எஞ்சின் பின்னாடிதான், அதுலயும் காத்துல குளிர்ற எஞ்சின்தான், ஆனா ஆறு சிலிண்டர். பின்னாடி வந்ததெல்லாம் 2.7 லிட்டர். ரேடியேட்டர் வேண்டாம், மூக்கை வெட்ட வேண்டாம், அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்காரும்னு மனசு சொல்லிச்சு. என் மனசு சொன்னதை நான் எப்பவும் கேட்பேன். அதுதான் பிரச்சினையே.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல அடாப்டர் தட்டு நானே கடைஞ்சேன். ரெண்டு ஷாஃப்டும் ஒரே கோட்டுல இருக்கணும், ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கூட விலகக் கூடாதுன்னு டயல் கேஜை வச்சு நாலு நாள் மல்லுக்கட்டினேன். கிளட்ச், ஃப்ளைவீல், எக்ஸாஸ்ட், வயரிங் எல்லாம் சேர்ந்து ஒன்றரை வருஷம்.

போன ஞாயித்துக்கிழமை முதல் ஸ்டார்ட். ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சுல பிடிச்சுது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணி. கொஞ்சம் புகையாலயும்தான். வண்டி முதல் தடவை ஷெட்டை விட்டு வெளிய வர்றதைப் படம் பிடிக்கணும்னு நண்பனைக் கேமராவோட முன்னாடி நிக்க வச்சேன். கிளட்ச் மிதிச்சு, முதல் கியர் போட்டு, மெதுவா விட்டேன்.

வண்டி பின்னாடி போச்சு.

பின்னாடி இருந்தது அலமாரி. அதுல நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் அளவு வாரியாப் பிரிச்சு அடுக்கின டப்பாக்கள். இப்ப எல்லாம் ஒரே அளவு: தரை அளவு.

தப்பா ரிவர்ஸ் போட்டுட்டேன் போலன்னு நினைச்சு, ரெண்டாவது கியர் போட்டேன். இன்னும் வேகமாப் பின்னாடி போச்சு. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழ போகப் பார்த்து அங்கேயே முட்டிட்டு நின்னுச்சு. கடைசியில ஒரு சந்தேகத்துல ரிவர்ஸ் போட்டேன். வண்டி மகாராஜா மாதிரி முன்னாடி நடந்துச்சு.

ஆக என்கிட்ட இப்ப நாலு ரிவர்ஸும் ஒரு ஃபார்வர்டும் இருக்கு. நண்பன் எடுத்த படத்துல, சிரிச்சுக்கிட்டே கையசைச்ச ஒருத்தன் மெதுவாத் தூரமாப் போயிட்டே இருக்கான்.

#2 ஸ்பானர் சிங்கம்

ஆபீஸ்ல உட்கார்ந்து படிச்சேன். சத்தமாச் சிரிச்சதுல மேனேஜர் எட்டிப் பார்த்துட்டாரு. "தரை அளவு"க்கு மட்டும் தனியா ஒரு கும்பிடு.

#3 கணக்குப்பிள்ளை

கோர்வேர் எஞ்சின் பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பீட்டில் எஞ்சினுக்கும் எதிர்த்திசைதான். இந்த இரண்டையும் இணைக்க முயன்றவர்கள் எல்லோருக்கும் முதல் பாடமே அதுதான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

ஒரு கேள்வி. பீட்டில் கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்டார்ட்டர் அந்த எஞ்சினைத் தப்பான பக்கமல்லவா சுற்றும்? அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே. எப்படி ஸ்டார்ட் ஆனது?

#4 கிரீஸ்கை

ஐயா, சரியான இடத்துல பிடிச்சுட்டீங்க. கியர்பாக்ஸ்ல இருந்த பழைய ஸ்டார்ட்டர் செத்துப் போயிருந்துச்சு. எஞ்சினோட வந்த ஸ்டார்ட்டர் நல்லா இருந்துச்சு. அதனால அதையே அடாப்டர் தட்டுல இடம் பண்ணி உட்கார வச்சேன். அது தன் எஞ்சினைச் சரியான பக்கம்தான் சுத்துச்சு. பழைய ஸ்டார்ட்டர் உயிரோட இருந்திருந்தா என் தப்பு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நல்ல பொருள் கிடைச்சதுதான் என்னைக் கெடுத்துது.

#5 ஒரிஜினல் பிரியன்

சிரிப்பு வரவில்லை. ஒரு கார்மன் கியாவை ஒழுங்காக அதன் சொந்த எஞ்சினோடு எழுப்பியிருக்கலாம். அதற்கு உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. இப்படி ஒவ்வொருவரும் வெட்டி ஒட்டினால் நாளைக்கு முழு வண்டி ஒன்றுகூட மிஞ்சாது. பழைய காரில் கை வைப்பவர், அடுத்து வருபவர் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றத்தை மட்டும்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

#6 கிரீஸ்கை

உங்க கட்சில எனக்கும் பாதி இடம் உண்டு அண்ணே. ஆனா இந்த வண்டில ஒரிஜினலா மிச்சம் இருந்தது ரெண்டு கதவு, ஒரு கூரை, அப்புறம் துரு. உடம்புல ஒரு இடத்துலயும் வெட்டலை. அடாப்டரைக் கழட்டினா நாளைக்கே பீட்டில் எஞ்சின் உட்காரும். துருவை மட்டும் திருப்பித் தர முடியாது.

#7 பாயிண்ட்ஸ் தாத்தா

திசை தப்பினவன் நீ ஒருத்தன்தானா தம்பி? என் கதையைக் கேள்.

என்னிடம் 1965 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. 1798 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், இரண்டு இருக்கைக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு. முக்கியமான சமாசாரம், 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். இப்போது எல்லா வண்டியிலும் நெகட்டிவ்தான் பாடிக்குப் போகிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

வெயிலில் நெரிசலில் நின்றால் சூடு ஏறுகிறதே என்று ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி பொருத்தினேன். இரண்டு வயர், சிவப்பும் கறுப்பும். நாற்பது வருஷப் பழக்கம் கை தானாகப் போகும் அல்லவா? கறுப்பைப் பாடியில் முடுக்கினேன், சிவப்பை ஸ்விட்சுக்குக் கொண்டுபோனேன். விசிறி ஜோராகச் சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன் பிறகு ஒரு விசித்திரம். நின்றால் சூடு ஒரு மாதிரி அடங்குகிறது. ஓட்டினால் கொதிக்கிறது! உலகத்தில் எல்லா வண்டியும் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொள்ளும். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். வாட்டர் பம்ப் மாற்றினேன். கடைசியில் ஹெட்டையே கழற்றி கேஸ்கெட் மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் விசிறி ஓடும்போது கையிலிருந்த ரசீது நழுவி கிரில்லின் முன்னால் விழுந்தது. ரேடியேட்டர் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் ரேடியேட்டர் அதை என் முகத்தில் வீசியது.

விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றை இது பின்னாலிருந்து தள்ளியது. இரண்டும் நடுவில் மோதிக்கொள்ள, ரேடியேட்டருக்குள் காற்றே இல்லை. இரண்டு வயரை மாற்றிப் போட ஒரு நிமிஷம். அதற்கு முன் நான் செலவழித்தது ஒரு கோடைக்காலம்.

#8 புதுமெக்கானிக்

தாத்தா, ஒரு சந்தேகம். வயரை மாத்தினா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும்னா, ரிவர்ஸ் அண்ணன் வண்டில பேட்டரியைத் திருப்பிப் போட்டா ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் சுத்துமே? எஞ்சினும் அந்தப் பக்கம் ஓட ஆரம்பிச்சுடாதா? வேலை முடிஞ்சுதே?

#9 ஸ்பானர் சிங்கம்

"ரிவர்ஸ் அண்ணன்" 😂 பேர் வச்சாச்சு, இனி மாறாது.

#10 கணக்குப்பிள்ளை

இரண்டு காரணங்களால் நடக்காது தம்பி.

முதலாவது, அந்தக் காலத்து ஸ்டார்ட்டரில் நிலைக்காந்தம் கிடையாது. வெளியில் இருக்கும் சுருளும் உள்ளே சுற்றும் ஆர்மேச்சரும் ஒரே தொடரில் இருக்கும். பேட்டரியைத் திருப்பினால் இரண்டிலும் மின்னோட்டம் சேர்ந்தே திரும்பும். அதனால் சுற்றும் பக்கம் மாறாது. தாத்தாவின் விசிறியில் இருந்தது நிலைக்காந்தம். அதனால்தான் அது மட்டும் திரும்பியது. எம்.ஜி.பி.யை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுகிறவர்கள் ஸ்டார்ட்டரைத் தொடாமல் விடுவதும் இதனால்தான்.

இரண்டாவது, நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை எதிர்ப்பக்கம் சுற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக உறிஞ்சி, கார்புரேட்டர் வழியாகப் புகையைத் துப்பப் பார்க்கும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கேம்ஷாஃப்ட் ஒரு திசைக்காகத்தான் செதுக்கி வைத்திருக்கிறது.

ஆல்டர்னேட்டர் இருக்கும் வண்டியில் பேட்டரியைத் திருப்பிப் போடும் யோசனையை இப்போதே மறந்துவிடு. டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும்.

#11 முக்கோணம்

ரோட்டரி எஞ்சின்காரன் நான், பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற வகை. எங்களுக்கு வால்வே இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. ரோட்டர் ஒரு சுத்து சுத்தினா ஷாஃப்ட் மூணு சுத்து.

எங்க தொல்லை வேற. தரையைக் கூட்டணும்னு காலைல ஸ்டார்ட் பண்ணி ரெண்டடி நகர்த்தி உடனே ஆஃப் பண்ணினேன். உள்ள பெட்ரோல் நனைஞ்சு எண்ணெய்ப் படலம் கழுவிப் போயிடுச்சு, கம்ப்ரஷன் இல்லை. அப்புறம் மூணு நாள் ஸ்டார்ட் ஆகலை. ப்ளக் கழட்டி, ஃப்யூஸ் எடுத்து, சுத்தி விட்டு... தரை மட்டும் சுத்தமா இருந்துச்சு.

#12 சத்தமில்லாத சைலன்சர்

தலைப்புக்கு வருவோம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எஞ்சினையே எதிர்ப்பக்கம் ஓட வைக்கிற கேம்ஷாஃப்ட். கோர்வேருக்கு அப்படிச் செஞ்சு வித்திருக்காங்க. ரெண்டாவது, கியர்பாக்ஸைத் திறந்து டிஃபரன்ஷியல்ல (ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற பகுதி) இருக்கிற பெரிய ரிங் கியரை, அதைச் சுத்தி விடற சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு மறுபக்கம் மாத்தி வைக்கிறது. நான் முதல் வழிக்குத்தான் ஓட்டு போடுவேன். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

#13 கணக்குப்பிள்ளை

நான் இரண்டாவது. கேம்ஷாஃப்டை மாற்றினால் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) தலைகீழாகும், மேலே படுத்துச் சுற்றும் குளிர்விப்பு விசிறியும் எதிர்ப்பக்கம் சுற்றும், இப்போது ஒழுங்காக ஓடும் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், நல்ல ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போட வேண்டும். ஓடுகிற எஞ்சினைப் பிரிக்காதே என்பது நான் மூன்று எஞ்சின்களைக் கொன்று கற்றது.

ரிங் கியரைத் திருப்புவது ஒன்றும் புதிதல்ல. லோட்டஸே செய்திருக்கிறது. 1966-இல் வந்த லோட்டஸ் யூரோப்பாவில் ரெனோ 16 காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே எடுத்து, முன் பின்னாகத் திருப்பி, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். சும்மா விட்டிருந்தால் அவர்களுக்கும் நாலு ரிவர்ஸ்தான். ரிங் கியரைப் பினியனுக்கு மறுபக்கம் மாற்றிச் சரிசெய்தார்கள்.

#14 சத்தமில்லாத சைலன்சர்

யூரோப்பா உதாரணம் பாதிதான் பொருந்தும். அங்க எஞ்சின் சுத்துற பக்கம் மாறலை, வண்டியோட முன்பக்கம்தான் மாறிச்சு. அதனால பினியன் பல்லு எந்த முகத்துல தள்ளணும்னு செஞ்சாங்களோ, அதே முகத்துலதான் தள்ளுது. இங்க எஞ்சினே எதிர்ப்பக்கம் சுத்துது. ரிங் கியரை மாத்தினாலும் பல்லோட பின்முகம்தான் சுமை தாங்கும். வண்டி தானா உருளும்போதும் ரிவர்ஸ்லயும் மட்டும் வேலை செய்யற முகம் அது. கியர்பாக்ஸ் உள்ள சாய்ந்த பல்லு கியர்களும் எதிர்ப்பக்கம் தள்ளும். ரெண்டு மடங்கு சக்தியைக் கொடுத்துட்டு, பலவீனமான முகத்துல சுமையை ஏத்துறோம்.

#15 கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் வண்டி இலேசானது, ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஊளைச் சத்தம் வரும், பல் உடனே உடையாது. மணல்மேட்டில் ஓட்டும் பக்கி கார்களில் இதே கோர்வேர் எஞ்சினை இதே முறையில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு அதிர்ஷ்டம், பீட்டில் கியர்பாக்ஸில் பினியனும் ரிங் கியரும் ஒரே மையக்கோட்டில் சந்திக்கின்றன. வழக்கமான பின் ஆக்ஸிலில் இருக்கும் ஹைப்பாய்ட் கியராக இருந்திருந்தால் பினியன் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். இப்படித் திருப்பவே முடியாது.

#16 ஒரிஜினல் பிரியன்

இவ்வளவு பேர் மனம் திறக்கும்போது நான் மட்டும் யோக்கியன் வேஷம் போட்டால் நன்றாக இருக்காது.

என் வண்டியில் எல்லாம் ஒரிஜினல், கம்பிச் சக்கரம் உட்பட. நடுவில் இரண்டு காது வைத்த பெரிய நட்டு ஒன்றே சக்கரத்தைப் பிடித்திருக்கும். செம்புச் சுத்தியலால் காதில் அடித்துக் கழற்ற வேண்டும். இடது பக்கம் இரண்டையும் கழற்றினேன், அழகாக வந்தன. வலது பக்கம் வரவில்லை. துரு என்று முடிவு கட்டி எண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். சூடு காட்டினேன். பெரிய சுத்தியல் வாங்கினேன். மூன்று வாரம் அடித்தேன்.

வலது பக்கம் இடஞ்சுற்று மரை. மூன்று வாரமும் நான் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

#17 ஸ்பானர் சிங்கம்

அண்ணே... மூணு வாரம் இறுக்கின நட்டை அப்புறம் எப்படிக் கழட்டினீங்க?

#18 ஒரிஜினல் பிரியன்

அது அடுத்த மூன்று வாரம்.

#19 பாயிண்ட்ஸ் தாத்தா

அந்த வகைச் சக்கரத்துக்கு ஒரு ஞாபகக் குறிப்பு உண்டு. வண்டி முன்னே போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ, அந்தப் பக்கம் அடித்தால் கழலும். இரண்டு பக்கத்துக்கும் இதே விதிதான்.

#20 புதுமெக்கானிக்

தாத்தா, அப்படின்னா ஓடும்போதே கழண்டுடுமே?! தலைகீழா இல்ல இருக்கு?

#21 பாயிண்ட்ஸ் தாத்தா

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். சைக்கிளின் இடது பெடலைப் பார், அதிலும் இடஞ்சுற்று மரைதான். நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. பாரம் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே சுற்றும்போது, ஒன்றின் மேல் ஒன்று உருண்டு, நட்டு சுற்றுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல மெல்ல நகரும். அந்த நகர்வு இறுக்கும் பக்கமாக இருக்கட்டும் என்றுதான் மரையை அப்படி வைத்தார்கள். ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இடம் வலம் மாற்றிப் பொருத்தினால் நீ சொன்னது நடக்கும். உன் சக்கரம் உன்னை முந்திக்கொண்டு போகும்.

#22 நிதானம்

விளையாட்டெல்லாம் சரி. இந்த இழையில் இதுவரை யாரும் பிரேக் பற்றி வாய் திறக்கவில்லை. பீட்டிலுக்குச் செய்த டிரம் பிரேக்கோடு ஆறு சிலிண்டரை ஓட்டப் போகிறாரா? பின்னால் எடையும் கூடியிருக்கும். வளைவில் பாதியில் காலை எடுத்தால் வால் முன்னே வந்துவிடும். முன்னே போகும் வழியைக் கண்டுபிடிக்கும் முன் நிற்கும் வழியைப் பாருங்கள்.

#23 கிரீஸ்கை

முன் சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டாச்சு, மாஸ்டர் சிலிண்டர் புதுசு, குழாய் எல்லாம் புதுசு. நாலு ரிவர்ஸ்லயும் சோதிச்சுட்டேன், நல்லா நிக்குது.

வளைவு விஷயம் பயமாத்தான் இருக்கு. முதல்ல நேராப் போகட்டும்.

முடிவு பண்ணிட்டேன், ரிங் கியர்தான். கணக்குப்பிள்ளை ஐயா பக்கம் சாஞ்சதுக்குக் காரணம் தத்துவம் இல்லை. எஞ்சின் அவ்வளவு அழகா ஓடுது, அதைப் பிரிக்க மனசு வரலை.

#24 கிரீஸ்கை

(ஐந்து வாரம் கழித்து)

எஞ்சினை இறக்கினேன். ஆக்ஸில் ரெண்டையும் கழட்டி, கியர்பாக்ஸை வெளிய எடுத்து, பக்கத் தட்டு ரெண்டையும் திறந்து டிஃபரன்ஷியலை உருவித் திருப்பி வச்சேன். சொல்றப்ப ஒரு வரி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல விட வேண்டிய இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய தகடு) மாத்தி மாத்திப் போட்டு அளந்ததுல பதினோரு நாள் போச்சு. பல்லுல மை தடவி, சுத்திப் பார்த்து, தடம் நடுவுல விழலைன்னா மறுபடி கழட்டு. ஏழாவது தடவை கழட்டினப்ப, தரையில கலந்து கிடந்த நட்டு போல்ட்டு எல்லாத்தையும் மறுபடி அளவு வாரியாப் பிரிச்சு வைக்கற அளவுக்கு எனக்கு நிதானம் வந்துடுச்சு.

எல்லாம் சேர்த்து மூடினதுக்கு அப்புறம் வண்டியை ஸ்டாண்டுல தூக்கி வச்சேன். முதல் கியர் போட்டு, எஞ்சினைக் கையால சுத்தினேன். சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதுன்னு தரையில உட்கார்ந்து பார்த்தேன். நம்பிக்கை வராம சாக்பீஸால அம்புக்குறி போட்டு மறுபடி சுத்தினேன். சரியாத்தான் சுத்துச்சு. ஆரம்பத்துலயே செஞ்சிருந்தா ரெண்டே நிமிஷ வேலை.

நேத்து ஓட்டினேன். முதல் கியர்ல முன்னாடி போச்சு! ரெண்டாவது முன்னாடி! மூணாவதுலயும் முன்னாடிதான்! நாலாவதுல சைலன்சர் சார் சொன்ன ஊளை வருது. தூரத்துல யாரோ அழற மாதிரி இருக்கு. ரேடியோ இல்லாத குறை தெரியலை.

நாலு கிலோமீட்டர்ல விசிறி பெல்ட் கழண்டுது. கோர்வேர்ல அந்த பெல்ட் நிமிர்ந்து நிக்கிற கப்பியில ஆரம்பிச்சு, வளைஞ்சு, படுத்துக் கிடக்கிற கப்பியில போய்ச் சுத்தும். கப்பி நேரா இல்லைன்னா குதிச்சு வெளிய வந்துடும். நான் நேராத்தான் வச்சேன்னு நினைச்சேன். (என் மனசு சொல்லிச்சு.) கூடுதல் பெல்ட் வச்சிருந்ததால தப்பிச்சேன்.

#25 ஸ்பானர் சிங்கம்

ரிவர்ஸ் அண்ணன் முன்னேறிட்டாரு! படம் எங்கே, படம்?

#26 கிரீஸ்கை

அதை ஏன் கேட்கறீங்க. போன தடவை முன்னாடி நின்னு ஏமாந்த கோவத்துல நண்பன் இந்தத் தடவை உஷாராப் பின்னாடி போய் நின்னுட்டான். அம்புக்குறி போட்டுச் சரிபார்த்தேன்டான்னு எவ்வளவோ சொன்னேன், நம்பலை. இந்தப் படத்துலயும் வண்டி தூரமாப் போயிட்டேதான் இருக்கு.

#27 ஒரிஜினல் பிரியன்

அடுத்த முறை அவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள்.

#28 கணக்குப்பிள்ளை

வேண்டாம். இவர் எந்த கியரை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்.